நஞ்சென்றார்; மருந்தாயிற்று!

செங்கற்பட்டை விட்டுப் பாலாற்றைக் கடந்து தெற்கே வரும் இரயில் வண்டி நிற்கும் சிற்றூர் படாளம். சர்க்கரை ஆலையால் வெளியூராருக்குப் பெயர் தெரிந்த ஊர். இங்கே ஆசிரியப் பணி புரியும் எனக்குச் சென்ற ஆண்டு ஒரு மாணவன் பாடம் சொல்லிக் கொடுத்தான். ஏழாம் வகுப்புப் பையன். கணக்குப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்து, அதன் முள்ளைத் தன் முன்கையில் குத்திக் காட்டி, "பாருங்கடா, எனக்கு வலிக்கவே வலிக்காது" என்று தோழர்களிடம் வீரம் பேசிக்கொண்டிருந்தான். அருகே சென்று பார்த்தேன். முள் பட்ட இடத்தில் சற்றே வெளிறிய ஒரு படை. அரை ரூபாய் அகலம். வீரமன்று அது, நோய்.

வீட்டாரை அழைத்துக் கேட்டேன். படை தோன்றி எட்டு மாதமாயிற்றாம். நாகதோஷம் என்று சோதிடர் சொன்னாராம். பாம்புப் புற்றுக்குப் பால் வார்த்தாயிற்றாம். பாட்டி மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, "எந்தப் பிறவியில் எவர் செய்த பாவமோ, பிள்ளை தலையில் விடிந்தது" என்றாள். அவளைச் சினந்து பயனில்லை. அவள் சொன்னது அவள் கண்டுபிடித்ததன்று. ஈராயிரம் ஆண்டாக அவள் காதில் ஓதப்பட்டது. ஆடை திருடியவன் மறுபிறவியில் வெண்குட்டம் கொள்வான் என்று மனுநூலின் பதினொன்றாம் அத்தியாயம் கணக்கெழுதி வைத்திருக்கிறதே! கண்ணன் மகன் சாம்பனுக்கே சாபத்தால் பெருநோய் வந்தது என்றும், சூரியனைத் தொழுது நீங்கிற்று என்றும் புராணம் பாடுகிறதே! கடவுளின் பிள்ளைக்கே அந்தக் கதியென்றால், கரும்பு வெட்டும் தொழிலாளியின் பிள்ளைக்கு எது கதி என்று பாட்டி எண்ணியதில் வியப்பென்ன?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். தொழுநோயின் தொடக்கநிலை என்றார் மருத்துவர். ஆறு மாதம் மாத்திரை, விலையில்லை, பள்ளிக்கு வழக்கம்போல் வரலாம். கையில் கொடுத்த மாத்திரை அட்டையில் நாள்தோறும் ஒன்றாக விழுங்கவேண்டிய சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை ஒன்றிருந்தது. அதன் பெயர் டாப்சோன். முதியவர்கள் இன்றும் டி.டி.எஸ். என்பார்கள். அந்த மாத்திரைக்கும் நம் செங்கற்பட்டுக்கும் உள்ள தொடர்பைத் தேடிப் படித்தபோதுதான், நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்ட வரலாறுகளில் இதுவும் ஒன்று என்று தெரிந்தது.

தோழர்களே! தொழுநோய்க்குக் காரணம் பாவமன்று, பரம்பரையுமன்று, ஒரு நுண்ணுயிர்தான் என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து சொன்னார். காரணம் தெரிந்தது, ஆனால் மருந்து? அதற்கு மேலும் எழுபதாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதுவரை இருந்தது நீரடிமுத்து எண்ணெய் ஒன்றுதான். நம் நாட்டு மருத்துவர் நெடுங்காலமாக அறிந்த எண்ணெய் அது. குடித்தால் குமட்டும்; ஊசியாக ஏற்றினால் தோலுக்கடியில் கட்டிகட்டியாக நின்று வலிக்கும். ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்ற கருப்பினப் பெண் வேதியியலறிஞர் அதை உடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றி, 1916 இல் தம் 24 ஆம் வயதிலேயே மறைந்தார். அவர் கண்ட முறையைக் கல்லூரித் தலைவர் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டார் என்பது தனிக்கதை. பிறப்பைக் காட்டி உழைப்பை விழுங்குவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கலையன்று என்பதற்குச் சான்றாக இங்கே சொல்லி வைக்கிறேன். அவ்வளவு பாடுபட்டும் எண்ணெய் சிலருக்குச் சிறிது பயன் தந்தது, பலருக்குத் தரவில்லை.

உண்மை மருந்தோ 1908 ஆம் ஆண்டிலிருந்தே உலகில் இருந்தது! ஜெர்மனியில் பிரைபர்க் நகரில் பிராம், விட்மன் என்ற இருவர் அந்த ஆண்டில் டி.டி.எஸ். என்ற பொருளை ஆக்கினர். மருந்தென்று கருதி ஆக்கவில்லை. கந்தகம் கலந்த சேர்மங்களை ஆராய்ந்தபோது கிடைத்த ஒரு பொடி அது. குப்பியில் இட்டு மூடினர். அதே 1908 இல் வியன்னாவில் கெல்மோ என்ற இளைஞர் சல்பனிலமைடு என்ற வேறொரு பொருளை ஆக்கினார். அதுவும் குப்பிக்குள் போயிற்று. அந்த இரு குப்பிகளுக்குள்ளும் எத்தனை இலட்சம் உயிர்கள் மூடிக் கிடந்தன என்பதை அன்று அறிந்தவர் எவருமில்லை.

இரண்டாவது குப்பி முதலில் திறந்தது. 1932 இல் ஜெர்மனியின் டோமாக், பிரான்டோசில் என்ற செஞ்சாயம் ஒன்றைக் கிருமி ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்தார். எலிகள் பிழைத்தன. 1935 இல் செய்தி வெளிவந்தது, உலகம் வியந்தது. ஆனால் ஒரு புதிர். எலிக்குள் கிருமியைக் கொன்ற அந்தச் சாயம், கண்ணாடிக் குழாய்க்குள் அதே கிருமியின்மேல் ஊற்றினால் ஒன்றும் செய்யவில்லை! உயிருள்ள உடலில் வேலை செய்கிறது, வெறுங்குழாயில் செய்வதில்லை. இதைக் கண்டவர் நம்மூர்ப் புராணிகராயிருந்தால் உடனே ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டிருப்பார். பாரிசு நகரப் பாஸ்டர் நிலையத்தில் இருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. டிரெபூயல் தம்பதியரும், நிட்டியும், போவேயும் சாயத்தின் மூலக்கூற்றைப் பிரித்துப் பார்த்தனர். அதே 1935 இல் விடை கிடைத்தது. சாயம் மருந்தன்று, உடலுக்குள் போனதும் அது இரண்டாக உடைகிறது, உடைந்த துண்டுகளில் ஒன்றே கிருமியைத் தடுக்கிறது. அந்தத் துண்டு எது? வியன்னாக் குப்பியில் கிடந்த சல்பனிலமைடு!

செங்கற்பட்டு மாவட்டத்தாராகிய நமக்கு இதை விளக்க நெல்லைவிட நல்ல உவமை வேண்டா. நெல்லை அப்படியே மென்றால் பசியாறுமா? உமி நீங்கவேண்டும், அரிசி வெளிவரவேண்டும். சாயம் நெல்; சல்பனிலமைடு அரிசி; உடலே உரல். குழாய்க்குள் உரலில்லை, ஆகவே நெல் நெல்லாகவே கிடந்தது. அரிசி தனியே கிடைக்கும்போது, உமிக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பானேன்? கெல்மோவின் பொருளுக்கு இருந்த காப்புரிமைக் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. யாரும் ஆக்கலாம், யாரும் விற்கலாம் என்றாயிற்று. சாய நிறுவனத்தின் இலாபக் கணக்கு எப்படியாயிற்றோ, ஏழை நோயாளியின் கணக்கு நேராயிற்று.

இந்தப் பாடம் 1935 இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் தொழுநோயில் அதை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து படிக்கவேண்டியிருந்தது. அதைப் படித்த பள்ளிகளுள் ஒன்று, படாளத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க திருமணி.

பிரைபர்க் குப்பி 1937 இல் திறந்தது. இலண்டன் வெல்கம் ஆய்வகத்தில் பட்டில் குழுவினரும், பாரிசில் பூர்னோ குழுவினரும் டி.டி.எஸ். பொருளை எலிகளில் ஆய்ந்து, அது சல்பனிலமைடை விடப் பன்மடங்கு ஆற்றலுடையது என்று கண்டனர். நஞ்சும் பன்மடங்கு என்று கண்டனர். மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது குருதிச் சிவப்பணுக்கள் சிதைந்தன. உதடு நீலம் பாய்ந்தது. 'மனிதருக்கு ஆகாது' என்று முத்திரை குத்தினர். ஆனால் ஆற்றலை விடவும் மனமில்லை. அமெரிக்காவின் பார்க் டேவிஸ் நிறுவனம் டி.டி.எஸ். மூலக்கூற்றின் இரு முனைகளிலும் சர்க்கரைத் துண்டுகளைக் கட்டி, புரோமின் என்று பெயரிட்டது. நஞ்சுக்கு உறை போட்டார்கள். முதலில் காசநோய்க்கென்று ஆய்ந்த அந்தப் புரோமினை, லூயிசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பேஜெட் என்ற மருத்துவர் 1941 இல் நோயாளிகளுக்கு ஏற்றத் தொடங்கினார். வாய்வழி கொடுத்தால் நஞ்சு; நரம்பில்... இல்லை, சிரையில் ஏற்றினால் தாங்கினர். நாளுக்கு ஐந்து கிராம் அளவு, வாரத்தில் ஆறு நாள், ஊசி ஊசியாக. ஆறாப் புண்கள் ஆறின. அடைத்த தொண்டைகள் திறந்தன. 1943 இல் செய்தி வெளிவந்தபோது, வரலாற்றில் முதன்முறையாகத் தொழுநோய்க்கு மருந்து உண்டு என்று மனிதன் சொல்ல முடிந்தது.

அருமை! ஆனால் யாருக்கு? அமெரிக்க அரசு நடத்திய மருத்துவமனையில் சில நூறு பேருக்கு நாள்தோறும் சிரையில் ஊசி போடலாம். நம் நாட்டில்? இலட்சக்கணக்கான நோயாளிகள், ஊருக்கு ஒதுக்குப்புறமாக, சத்திரத்து வாசலிலும் கோயில் வாசலிலும். அவர்கள் ஒவ்வொருவரின் சிரையையும் நாள்தோறும் தேடிப் பிடித்து ஐந்து கிராம் ஏற்ற மருத்துவர் எங்கே, ஊசி எங்கே, அதற்குப் பொருள் எங்கே? மருந்து பிறந்துவிட்டது, ஏழைக்குப் பிறக்கவில்லை.

செங்கற்பட்டுக்கு அடுத்த திருமணியில் 1924 இல் சென்னை மாகாண அரசு ஏற்படுத்திய லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லம் இருந்தது. ஸ்காத்லாந்துத் திருச்சபையார் அதை நடத்தினர். சமயப் பரப்பாளரிடம் நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். அவர்கள் புண்ணைத் தொட்டுக் கழுவிய காலத்தில், தொட்டால் தீட்டென்று நம் ஊரார் தெருவை மாற்றி நடந்தார்கள் என்பதை மறைக்க முடியுமா? அங்கே பணியாற்றியவர் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தலைமையையும் 1944 முதல் 1948 வரை ஏற்றிருந்தார். நீரடிமுத்து எண்ணெயின் போதாமையை ஆண்டுக்கணக்கில் கண்ணால் கண்டவர். போர் முடிந்த காலம். புரோமின் போன்ற உறையிட்ட மருந்துகள் விலை மிக்கவை, கிடைப்பதும் அரிது. அப்போது அவர் கண்ணில் பட்டது ஒரு மாட்டு மருந்து!

ஆம், மாட்டு மருந்துதான். பசுவுக்கு வரும் மடிநோய்க்கு, நிலக்கடலை எண்ணெயில் குழைத்த டி.டி.எஸ். அப்போது பயன்பட்டு வந்தது. மனிதருக்கு ஆகாது என்று முத்திரை குத்திய அதே பொருள், உறையில்லாமல், மாட்டு வைத்தியரின் பையில்! 1946 வாக்கில் காக்ரேன் அதைத் திருமணி நோயாளிகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஊசியாக அளந்து கொடுக்கத் தொடங்கினார். ஒவ்வொருவர் குருதியையும் சோதித்தபடி, அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். ராமானுஜம், பால், ரஸ்ஸல் ஆகிய உடன்பணியாளரோடு அவர் 1949 இல் வெளியிட்ட நீண்ட அறிக்கையின் தலைப்பே 'இரண்டரை ஆண்டு' ஆராய்ச்சி என்று தொடங்குகிறது. விளைவு? உறையிட்ட மருந்து செய்த வேலையை உறையில்லாப் பொருள் செய்தது. எவரும் அஞ்சிய அளவுக்கு நஞ்சாகவுமில்லை.

அதே காலத்தில் ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் உசுவாகோலியில், ஜான் லோ என்பவர் இன்னொரு படி மேலே போனார். இவரும் நமக்கு அயலாரல்லர். நிசாம் நாட்டு டிச்பள்ளியிலும் கல்கத்தாவிலும் தொழுநோய்ப் பணி செய்தவர். உறையிட்ட மருந்துகளை விழுங்கிய நோயாளிகளின் குருதியில் என்ன இருக்கிறது என்று அவர் அளந்து பார்த்தார். சிறிதளவு டி.டி.எஸ். இருந்தது. அந்தச் சிறிதளவுதான் மருந்து, மற்றதெல்லாம் உமி! அப்படியானால் அந்தச் சிறிதளவை நேராகவே மாத்திரையாகக் கொடுத்தாலென்ன? கொடுத்தார். நாளுக்கு நூறு, இருநூறு மில்லிகிராம். புரோமின் ஐந்து கிராம் எங்கே, நூறு மில்லிகிராம் எங்கே! ஐம்பதில் ஒரு பங்கு. பிரெஞ்சுக் கயானாவிலும் பிறர் தனியே இதே முடிவுக்கு வந்தனர்.

1937 இல் கண்ட நஞ்சு பொய்யா? பொய்யன்று, அளவு பிழை. சல்பனிலமைடைக் கிராம் கணக்கில் கொடுத்த பழக்கத்தில் இதையும் கிராம் கணக்கில் கொடுத்தார்கள், குருதி சிதைந்தது, பொருளின்மேல் பழி விழுந்தது. புரோமினை வாய்வழி கொடுத்தபோது ஏன் நஞ்சாயிற்று? வயிற்று அமிலத்தில் உறை கழன்று, டி.டி.எஸ். பெருமளவில் வெளிவந்ததால்தானே! விடை 1941 இலேயே கண்முன் கிடந்தது. பாரிசுப் பாடத்தைப் படித்தவர்களும் அதைப் படிக்கவில்லை. பகுத்தறிவு என்பதும் ஒருமுறை பெற்றால் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் சொத்தன்று போலும். கற்றவர்களும் ஒரு முத்திரையைக் கண்டால் அதற்குமேல் கேள்வி கேட்காமல் நின்றுவிடுகிறார்கள்.

இத்தகைய பொருள்களுக்கு, அதாவது தம்மளவில் செயலற்றிருந்து, உடலுக்குள் உருமாறியபின் மருந்தாகிறவற்றுக்கு, ஆஸ்திரேலிய அறிஞர் ஏட்ரியன் ஆல்பர்ட் 1958 இல் ஒரு தனிப்பெயர் சூட்டினார். தமிழில் முன்மருந்து எனலாம். உமி எப்போதும் வீண் என்று எண்ணிவிடவேண்டா. நடுக்குவாத நோயாளியின் மூளைக்குள் டோபமின் நேரே நுழையாது. லெவோடோபா என்ற முன்மருந்து நுழையும், நுழைந்தபின் டோபமினாகும். குருதி அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில் கல்லீரலில்தான் மருந்தாகிறது. டி.டி.எஸ். பொருளுக்கே பின்னாளில் வேறொரு உறை போட்டு அசிடாப்சோன் என்று ஆக்கினர்; ஓர் ஊசி போட்டால் எழுபத்தைந்து நாள் வரையில் தசைக்குள்ளிருந்து சிறுகச் சிறுக டி.டி.எஸ். கசிந்துகொண்டேயிருக்கும். உறை எதற்கு என்று அறிந்து போட்டால் கருவி. அறியாமல் போட்டால் சுமை.

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். 1955 இல் இந்திய அரசு திருமணி இல்லத்தை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கிற்று. அதே ஆண்டில் தொடங்கிய நாடளாவிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஆயுதம் இந்த மாத்திரைதான். சைக்கிளில் ஊர் ஊராகச் செல்லும் பணியாளர் பையில் போட்டுக் கொண்டுபோகக்கூடிய மருந்து! உறை கழன்றதால் வந்த பயன் அது.

அந்த ஆண்டுகளில் நம்மவர் மேடை என்ன செய்துகொண்டிருந்தது? சொல்லத்தான் வேண்டும். மூடநம்பிக்கையைச் சாட்டையால் அடித்த நடிகவேள் எம். ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' 1954 இல் படமாக வந்தது. இன்றும் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம், சிந்திக்கிறோம். ஆனால் அந்தக் கதையின் முதுகெலும்பு என்ன? தாயை மதியாது, மனைவியை விட்டு, பரத்தையே கதியென்று கிடந்தவனுக்குப் பெருநோய் வந்தது என்பதல்லவா? மனு மறுபிறவியில் கொடுத்த தண்டனையை நாம் இப்பிறவியிலேயே கொடுத்துவிட்டோம்! ஒழுக்கக்கேட்டால் தொழுநோய் வருவதில்லை. நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழும்போது மூச்சுவழி பரவுகிறது; அப்போதும் பெரும்பாலோர் உடல் அதைத் தானே வென்றுவிடுகிறது. திரையில் ராதா உருக்குலைந்து நின்ற நாளில், திருமணியில் மெய்யான நோயாளிகள் மாத்திரை விழுங்கித் தேறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை எடுக்க நமக்குத் தோன்றவில்லை. ராதாவின்மேல் எனக்குள்ள பற்று இதை எழுதுவதால் ஒரு துளியும் குறையாது. ஆனால் பிறர் முதுகை மட்டும் பார்ப்பது நம் வழக்கமாகிவிடக்கூடாது.

மருந்தின் கதையும் நேர்க்கோடன்று. டி.டி.எஸ். ஒன்றையே ஆண்டுக்கணக்கில் கொடுத்ததால் கிருமி அதற்கு ஈடுகொடுக்கப் பழகிற்று. 1964 இல் மலேயாவின் சுங்கை பூலோ மருத்துவமனை நோயாளிகளிடம் அது மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே ரிபாம்பிசின், குளோபாசிமின் இரண்டையும் சேர்த்துக் கூட்டு மருந்தாகக் கொடுக்குமாறு உலக நலவாழ்வு நிறுவனத்தின் குழு 1981 இல் கூறிற்று. என் மாணவனின் அட்டையில் இருந்தவை அவைதாம். மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை எழுப்பாது. 1947 இல் காக்ரேன் அழைத்துச் செல்லத் திருமணிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பற்றியபோது, அந்தக் கை தம் கையை இறுக்கிய வலிமை கண்டு திகைத்தார். தசை சாகவில்லையே, இதைத் திருத்தலாமே என்று தோன்றிற்று. வேலூரில் கை திருத்தும் அறுவை மருத்துவம் அந்தக் கைகுலுக்கலில் தொடங்கிற்று. கையைத் தொட்டதால் பிறந்த மருத்துவம் அது!

சட்டம் எப்போது விழித்தது தெரியுமா? நோயாளியைப் பிடித்து அடைத்து வைக்க வெள்ளையர் 1898 இல் செய்த சட்டம், மருந்து வந்து ஏறத்தாழ எழுபதாண்டுகளான பின்பு, 2016 இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் மணவிலக்குப் பெறலாம் என்றிருந்த விதி 2019 இல் நீங்கிற்று. மாத்திரை பையில் ஏறி ஊர் ஊராகப் போன பின்பும், அந்த எழுத்துகள் மட்டும் புத்தகத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. இன்றும் ஆண்டுதோறும் நம் நாட்டில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் காணப்படுகிறது.

என் மாணவனின் செய்தி பரவியதும், மற்றொரு பிள்ளையின் தந்தை என்னிடம் வந்தார். படித்தவர். "மருந்து தின்னட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை, என் பையனை மட்டும் வேறு வரிசைக்கு மாற்றிவிடுங்கள்" என்றார். மருந்து தொடங்கியபின் நோய் பரவாது என்றேன். தெரியும் என்றார். தெரிந்தே கேட்டார். நான் மாற்றவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் தானாகவே பெஞ்சின் மறுமுனைக்கு நகர்ந்து உட்கார்ந்தான். வீட்டில் என்ன சொல்லி அனுப்பினார்களோ.

ஆறாவது அட்டை சென்ற மாதம் தீர்ந்தது. படையின் நிறம் பெரும்பாலும் தோலோடு கலந்துவிட்டது. பிற்பகல் கணக்கு வகுப்பில் எல்லாரும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் தலையைக் குனிந்து கவராயத்தைத் தன் முன்கையில் மெல்ல வைத்து அழுத்துவதைக் கண்டேன். நான் பார்ப்பதை அவனும் கண்டான்.

"கொஞ்சம் வலிக்குது, சார்" என்றான்.